ஒளி பட்டால்தான் வேலை: சில பாக்டீரியா நொதிகளைப் பற்றி

(பாளையங்கோட்டையில் பொதுமக்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி போடும் வீட்டுக்குள் நம் ஊரில் யாரும் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. சன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணி செருகி, வெளிச்சம் புகாமல் பார்த்துக்கொள்வார்கள். எருவும் வைக்கோலும் போட்ட சட்டியில் பயறும் சோளமும் முளைத்து நெட்டையாக எழும்பும். பச்சையாக இருக்காது, வெளிறிய மஞ்சளாக இருக்கும். அந்த வெளிர்நிறம்தான் முளைப்பாரிக்கு அழகு. அதையே வெயிலில் வைத்துவிட்டால் சில மணி நேரத்தில் பச்சையேறத் தொடங்கிவிடும்.

அந்த மஞ்சளுக்கும் அந்தப் பச்சைக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு நொதி. பயற்றுச் செடி அதைத் தானாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. மிகப் பழைய காலத்தில் ஒரு பாக்டீரியாவிடமிருந்து அதன் முன்னோருக்கு வந்து சேர்ந்த சொத்து அது. அந்தப் பாக்டீரியாவின் உறவுகள் இன்றைக்கும் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், பிசானத்துக்கு நட்ட வயலின் தண்ணீர்மேல் வழுக்கலாகப் படர்ந்து கிடக்கின்றன. நீலப்பச்சைப் பாசி என்று பழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் அவை பாக்டீரியாக்கள்தான்.

இந்தப் பாசிகளைப் பற்றிப் பேசும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் நகர முடியாது. எம்.ஓ.பி. அய்யங்கார் அங்கே பாசியியலுக்கு அடித்தளம் போட்டார். அவர் வழியில் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய 'சயனோஃபைட்டா' என்ற பெருநூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. வயலில் அள்ளிய ஒரு துளி தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே நெளிவது ஆசிலட்டோரியாவா, அனபீனாவா என்று கேட்பவர்கள் இன்றும் அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள். நெல் வயலின் வளத்தில் இந்தப் பாசிகளுக்கு உள்ள பங்கை, காற்றின் நைட்ரஜனை அவை மண்ணில் சேர்ப்பதை, பி.கே. டே என்ற இந்திய அறிவியலாளர் 1939-லேயே எழுதிவிட்டார். நைட்ரஜனைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதே பாசி வெளிச்சத்தை வைத்து நடத்தும் வேறு சில காரியங்களை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு பிரிவினை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

நொதி என்றால் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். நம் உமிழ்நீரில் சோற்றை இனிப்பாக்குவது ஒரு நொதி, பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவுக்குள் இருப்பவை வேறு நொதிகள். இவற்றில் ஏறக்குறைய எல்லாமே இருட்டில் வேலை செய்பவை. வயிற்றுக்குள் ஏது வெளிச்சம்? ஒளியை நம்பியிருக்கும் நொதிகள் அபூர்வம். அந்த அபூர்வத்திலும் இரண்டு சாதி உண்டு. ஒரு சாதி ஒளியைச் செலவழிக்கும்: ஒவ்வொரு மூலக்கூறை மாற்றும்போதும் ஓர் ஒளித்துகள், அதாவது ஒரு ஃபோட்டான் வேண்டும், ஒளி நின்றால் வேலையும் அந்தக் கணமே நிற்கும். இன்னொரு சாதிக்கு ஒளி வெறும் சுவிட்சு: ஒருமுறை பட்டால் போதும், பிறகு இருட்டிலும் கொஞ்ச நேரமோ நெடுநேரமோ ஓடும். கல்லூரி மாணவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி 'ஒளி உணர் நொதிகள்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். ஒளியைச் செலவழிப்பது வேறு, ஒளியை உணர்வது வேறு.

முளைப்பாரியின் நொதி செலவழிக்கும் சாதி. பச்சையம் தயாராகும் நீண்ட வரிசையில் கடைசிக்குச் சற்று முன்னால் புரோட்டோகுளோரோஃபிலைடு என்று ஒரு பொருள் உண்டு. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்துவிட்டால் பச்சையத்துக்கு நேர் முந்தைய பொருள் வந்துவிடும். நொதி இருட்டிலேயே அந்தப் பொருளையும், ஹைட்ரஜன் கொடுக்கும் என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறையும் தன் பள்ளத்துக்குள் அருகருகே பிடித்து வைத்துக்கொள்கிறது. எல்லாம் தயார், ஆனால் ஒன்றும் நடக்காது. ஒளியை வாங்குவது நொதிகூட அல்ல, அது பிடித்து வைத்திருக்கும் அந்த நிறமிதான். ஃபோட்டான் பட்டதும் நிறமி கிளர்ச்சியடைகிறது. என்.ஏ.டி.பி.எச்.-இலிருந்து ஒரு ஹைட்ரைடு ஏறக்குறைய அரை மைக்ரோநொடியில் தாவுகிறது. அதற்குப் பிறகு சில பத்து மைக்ரோநொடிகளில் ஒரு புரோட்டான் வந்து சேர்கிறது. முடிந்தது. அடுத்த மூலக்கூறுக்கு அடுத்த ஃபோட்டான்.

இப்படித் தயார்நிலையில் உறைந்து நிற்கும் நொதி ஆய்வாளர்களுக்குப் பெரிய வரம். சாதாரண நொதியில் வினை எப்போது தொடங்கியது என்று குறித்துக்கொள்வதே பாடு. இங்கே லேசர் மின்னிய கணம்தான் தொடக்கம். அப்படியிருந்தும் இதன் முப்பரிமாண அமைப்பு நெடுநாள் பிடிபடவில்லை. 2019-இல்தான் வெளிவந்தது, அதுவும் செடியின் நொதியாக இல்லாமல் நீலப்பச்சைப் பாசிகளின் நொதியாக.

இதே வேலையை இருட்டில் செய்யும் வேறொரு நொதியும் இருக்கிறது. அது இன்னும் பழையது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு உறவு. உறவுக்கேற்ற குணமும் உண்டு: இரும்பும் கந்தகமும் சேர்ந்த அதன் உள்ளுறுப்பு ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். பூமியில் ஆக்சிஜனைக் கொட்டியவையே நீலப்பச்சைப் பாசிகள். தாங்கள் வெளியிட்ட காற்றே தங்கள் பழைய நொதிக்கு விஷமாகிப்போக, ஆக்சிஜனுக்கு அஞ்சாத ஒளிநொதி கைகொடுத்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். பாசிகள் இன்றும் இரண்டையும் வைத்திருக்கின்றன. பூக்கும் தாவரங்கள் பழையதைத் தொலைத்துவிட்டன. பைன் மரங்கள் தொலைக்கவில்லை, ஆகவே பைன் கன்று இருட்டில் முளைத்தாலும் பச்சை பிடிக்கும். பைன் விதையில் முளைப்பாரி போட்டால் நம் ஆச்சிமார் ஏற்க மாட்டார்கள்.

செலவழிக்கும் சாதியில் அடுத்தது ஃபோட்டோலையேஸ். என் மனத்துக்கு நெருக்கமானது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சித்திரை மாத உச்சி வெயிலில் நாம் குடை பிடிக்கலாம், திண்ணையில் ஒதுங்கலாம். கணுக்கால் அளவுத் தண்ணீரில் மிதக்கும் பாசிக்கு அந்த வசதி இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. ஒட்டிய இடத்தில் படியெடுப்பு முட்டி நிற்கும். அதிகமானால் செல் சாகும்.

1940-களின் கடைசியில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ் என்ற மண் பாக்டீரியாவின் வித்துகளைப் புற ஊதாக் கதிரால் அடித்து, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கிடைத்த அதே பாக்டீரியா. எண்ணிக்கை ஒருநாளைப் போல் ஒருநாள் வரவில்லை. வெப்பநிலைதான் காரணம் என்று சந்தேகித்து, புட்டிகளைக் கண்ணாடித் தொட்டி நீரில் தொங்கவிட்டார். தொட்டி இருந்தது சன்னலுக்குப் பக்கத்தில். சில புட்டிகளுக்கு வெளிச்சம் அதிகம், சிலவற்றுக்குக் குறைவு என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. செத்துப்போனவை என்று கணக்கெழுதிய வித்துகளைச் சாதாரண வெளிச்சம் மீட்டுக்கொண்டிருந்தது. சில சோதனைகளில் பிழைத்தவற்றின் எண்ணிக்கை லட்சக்கணக்கான மடங்கு உயர்ந்தது. 1949-இல் எழுதினார். அதே ஆண்டில் ரெனாட்டோ டல்பெக்கோ பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிடம் இதையே கண்டார். அவர் அடுக்கி வைத்த தட்டுகளில் விளக்குக்கு அருகே மேலே இருந்தவற்றில் வைரஸ்கள் அதிகம் பிழைத்திருந்தன.

மீட்பது எது? 1958-இல் கிளாட் ரூபர்ட்டும் அவர் கூட்டாளிகளும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஈ. கோலை பாக்டீரியாவை அரைத்தெடுத்த சாற்றை, கதிரால் கெட்ட டி.என்.ஏ.வோடு கலந்து வெளிச்சத்தில் வைத்தார்கள். டி.என்.ஏ. சரியானது. இருட்டில் வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. செல்லே இல்லாமல் வெறும் சாற்றில் நடந்ததால், மீட்பது ஒரு நொதி என்பது உறுதியானது. அதுதான் ஃபோட்டோலையேஸ்.

அந்த நொதியைக் கையில் பிடிப்பது பெரும்பாடு. ஒரு ஈ. கோலை செல்லில் அது பத்து இருபது மூலக்கூறுகள்தான் இருக்கும். துருக்கியின் சாவுர் என்ற சிற்றூரில் பிறந்து, மருத்துவம் படித்துவிட்டு வந்த அசீஸ் சஞ்சார், டாலஸில் ரூபர்ட்டிடம் மாணவராகச் சேர்ந்து 1970-களில் அதன் மரபணுவைத் தனியே பிரித்துப் பெருக்கினார். பிறகுதான் நொதி தேவையான அளவு கிடைத்தது. டி.என்.ஏ. பழுதுபார்ப்பு ஆய்வுகளுக்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர்.

அமைப்பு 1995-இல் தெரிந்தது. 471 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்துக்குள் இரண்டு சிறிய துணை மூலக்கூறுகள் இருக்கின்றன. இரண்டுமே நமக்குத் தெரிந்த வைட்டமின்களிலிருந்து வருபவை. ஒன்று ஃபோலேட் வகை. அது புரதத்தின் இரு பாகங்களுக்கு இடையே, மேற்பரப்பை ஒட்டி உட்கார்ந்து நீல ஒளியை வாங்குகிறது. மற்றொன்று பி2 வைட்டமினின் பிள்ளையான ஃபிளேவின். இது புரதத்தின் நடு ஆழத்தில் ஆங்கில 'யு' எழுத்தாக மடங்கிக் கிடக்கிறது. ஃபோலேட் வாங்கிய ஆற்றல் தொடாமலே ஃபிளேவினுக்குப் போகிறது. மேற்பரப்பிலிருந்து ஃபிளேவின் வரை ஒரு குழி இறங்குகிறது. அந்தக் குழியின் அளவைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்தது: ஒட்டிக்கொண்ட தைமின் ஜோடி சரியாக அதற்குள் அடங்கும். அப்படியென்றால் டி.என்.ஏ. ஏணியிலிருந்து அந்த ஜோடி வெளியே புரண்டு குழிக்குள் விழ வேண்டும். 2004-இல் டி.என்.ஏ.வோடு சேர்த்தே படிகமாக்கிப் பார்த்தபோது அப்படியே புரண்டு கிடந்தது. அந்தச் சோதனைக்குப் பயன்பட்டது அனாசிஸ்டிஸ் நிடுலன்ஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் நொதி.

பழுதுபார்ப்பு எப்படி? ஒளியால் கிளர்ந்த ஃபிளேவின் தன் எலெக்ட்ரான் ஒன்றைத் தைமின் ஜோடிக்குக் கடன் கொடுக்கிறது. எலெக்ட்ரான் ஏறியதும் ஒட்டியிருந்த பிணைப்புகள் இரண்டும் அடுத்தடுத்து அறுகின்றன. வேலை முடிந்ததும் எலெக்ட்ரான் ஃபிளேவினுக்கே திரும்பிவிடுகிறது. வட்டி கிடையாது. பத்து ஃபோட்டான் வாங்கினால் ஏறக்குறைய எட்டு வேலைக்குப் போகிறது. 2023-இல் எக்ஸ் கதிர் லேசர்களைக் கொண்டு, பிணைப்புகள் அறுந்து டி.என்.ஏ. தன் இடத்துக்குத் திரும்பும் வரை படிப்படியாகப் படம் பிடித்துவிட்டார்கள்.

நமக்கு இந்த நொதி இல்லை. கங்காரு போன்ற பைப்பாலூட்டிகள் வரை இருக்கிறது. நஞ்சுக்கொடியோடு குட்டி போடும் பாலூட்டிகள் இழந்துவிட்டன. அதே குடும்பத்துப் புரதம் ஒன்று நம் உடலில் இரவு பகல் கடிகாரத்தை ஓட்ட உதவுகிறது, அவ்வளவுதான். வெயிலில் வேலை செய்யும் மனிதரின் தோலைவிட, அவர் காலடியில் மிதக்கும் பாசி இந்த ஒரு விஷயத்தில் வசதியாக இருக்கிறது.

செலவழிக்கும் சாதியில் மூன்றாவதாக ஒன்றை 2017-இல் பிரான்சில் கண்டார்கள், கொழுப்பு அமிலத்தை வெட்டும் நொதி. அது குளோரெல்லா போன்ற உண்மையான பாசிகளுடையது. நம் பேச்சுக்கு வெளியே.

இனி சுவிட்சு சாதி. இங்கே என்னை வியக்க வைப்பது பாசி அல்ல, ரோடோகாக்கஸ் என்ற மண் பாக்டீரியா.

ஜப்பானில் 1980-களில் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளைப் பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கும் முயற்சி நடந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஹிடேயாகி யமாடாவும், நிட்டோ வேதியியல் நிறுவனமும் அதில் முன்னணியில் இருந்தார்கள். 1985-இல் ஆலை உற்பத்தியே தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகங்களில் புரதம் பிரிக்க ஜெல் ஊற்றுகிறீர்களே, அந்த ஜெல்லின் மூலப்பொருள்தான் அக்ரிலமைடு. அக்ரிலோநைட்ரைலோடு ஒரு நீர் மூலக்கூறைச் சேர்க்கும் வேலையை நைட்ரைல் ஹைட்ரடேஸ் என்ற நொதி செய்கிறது. ரைக்கன் நிறுவனத்தில் ரோடோகாக்கஸ் என்-771 என்ற வகையை ஆராய்ந்தவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். செல்களை இருட்டில் வைத்திருந்தால் நொதி படுத்துவிடும். வெளிச்சத்தைக் காட்டினால் எழுந்துவிடும். எழுந்தபின் வேலைக்கு வெளிச்சம் தேவையில்லை.

இந்த நொதியில் ஃபிளேவின் இல்லை, நிறமி இல்லை. இருப்பது ஒரு இரும்பு அணு. அப்படியிருக்க ஒளியை எது வாங்குகிறது? 1995-இல் அகச்சிவப்பு அலைமாலையில் விடை கிடைத்தது: இருட்டில் அந்த இரும்பின்மேல் ஒரு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்றால், நம் இரத்தக் குழாயைத் தளர்த்தும் அதே வாயு. இரும்பின்மேல் அது இருக்கும் வரை நீருக்கு அங்கே இடமில்லை. ஒளி பட்டால் இரும்புக்கும் அதற்கும் இடையிலான பிணைப்பு அறுந்து, வாயு விலகி, நொதி திறந்துகொள்கிறது.

1998-இல் வந்த அமைப்பு இன்னும் நுட்பமான செய்தியைச் சொன்னது. இரும்பைப் பிடித்திருக்கும் மூன்று சிஸ்டீன் அமினோ அமிலங்களில் இரண்டு, ஆக்சிஜன் ஏறி மாறியிருக்கின்றன. ஒன்றின் கந்தகத்தில் இரண்டு ஆக்சிஜன், இன்னொன்றில் ஒன்று. சாதாரணமாக ஒரு புரதத்தில் சிஸ்டீன் இப்படி ஆக்சிஜனேறினால் 'கெட்டுப்போனது' என்று எழுதுவோம். இங்கே அந்தக் கெடுதல்தான் நொதியையே நடத்துகிறது. அந்த ஆக்சிஜன்களும் பக்கத்து செரின் ஒன்றின் ஆக்சிஜனும் நைட்ரிக் ஆக்சைடை வளைத்து நிற்கின்றன. அது இருட்டில் விலகாமல் நிலைத்திருப்பது அதனால்தான். மண்ணுக்குள் வாழும் பாக்டீரியாவுக்கு எதற்கு ஒளிச் சுவிட்சு? என் கருத்தில், நைட்ரிக் ஆக்சைடைப் பிடிப்பதே இந்த நொதிக்கு முக்கியம், ஒளியில் விடுவது அந்த வேதிப்பிணைப்பின் இயல்பு, பாக்டீரியா அதை வேண்டிக் கேட்டிருக்காது. என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

ஆலைக்காரர்கள் இந்தத் தத்துவத்துக்கெல்லாம் நிற்கவில்லை. ரோடோகாக்கஸ் ரோடோக்ரஸ் ஜே1 என்ற வேறு வகைக்குப் போய்விட்டார்கள். அதன் நொதியில் இரும்புக்குப் பதில் கோபால்ட். வெளிச்சம் பற்றிய கவலையே இல்லை. நம் நாட்டிலும் இந்தத் துறையில் வேலை நடந்திருக்கிறது. சிம்லாவில் இமாசலப் பிரதேசப் பல்கலைக்கழகத்தில் நைட்ரைலைச் சிதைக்கும் ரோடோகாக்கஸ் வகைகளை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சுவிட்சு சாதியில் இன்றைக்குப் புகழ்பெற்றது வேறொன்று. பெக்கியட்டோவா என்ற கந்தகப் பாக்டீரியாவில் 2011-இல் விவரிக்கப்பட்ட நொதி, நீல ஒளி பட்டதும் சுழல் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறைத் தயாரிக்கிறது. இருட்டில் ஏறக்குறைய அசையாமல் கிடப்பது, வெளிச்சத்தில் சுமார் முந்நூறு மடங்கு வேகம் பிடிக்கிறது. சிறிய புரதம், 350 அமினோ அமிலம். ஆகவே அதன் மரபணுவை எலியின் நரம்புச் செல்லிலோ ஈயின் மூளையிலோ வைத்து, வெளியிலிருந்து நீல விளக்கைக் காட்டி உள்ளே செய்தி எழுப்ப முடிகிறது. இதன் உடன்பிறப்பு ஒன்று ஆசிலட்டோரியா அக்யுமினேட்டாவில் இருக்கிறது. ஆசிலட்டோரியா என்றால், நம் வாய்க்கால் மதகிலும் ஊருணிப் படியிலும் கறுத்த பச்சையாக வழுக்குகிறதே, அந்தப் பேரினம்தான்.

இந்த ஆசிலட்டோரியா நொதியின் அமைப்பை ஜப்பானியர் 2016-இல் வெளியிட்டார்கள். இரண்டு புரதங்கள் இணைந்து நிற்கின்றன. ஒரு முனையில் ஃபிளேவினைப் பிடித்த பகுதி, மறுமுனையில் வினை நடக்கும் பகுதி, இடையில் நீண்ட சுருள்கள். ஒளி பட்டால் ஃபிளேவின் உருமாறிவிடுவதில்லை. அதை ஒட்டியிருக்கும் ஒரு டைரோசினுக்கும் ஒரு குளூட்டமினுக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவே. அந்தச் சிறு நகர்வு சுருள்கள் வழியாகப் போய் மறுமுனையில் பள்ளத்தைச் சற்றே சாய்க்கிறது. சாய்ந்த பள்ளத்தில் வினை ஓடுகிறது. விளக்கை அணைத்தால் சில நொடிகளில் பழைய நிலை. ஃபோட்டோலையேஸிலும் இதே ஃபிளேவின்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அங்கே அது எலெக்ட்ரானைக் கையால் எடுத்துக் கொடுத்தது. இங்கே தன் பக்கத்தில் இருப்பவர்களைத் திரும்பி உட்கார வைப்பதோடு சரி.

இனி மாணவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் ஆய்வகப் பெட்டிகளில் கிருமி நீக்கும் புற ஊதா விளக்கு இருக்கிறது. பல வீடுகளில் குடிநீர் வடிகட்டியிலும் இருக்கிறது. 254 நானோமீட்டர் கதிர் செய்வது பெரும்பாலும் அந்தத் தைமின் ஒட்டுதலைத்தான். ஒட்டியதை அவிழ்க்கும் நொதியை வைத்துக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் இருக்க, அரைகுறை அளவில் கதிரைக் காட்டிவிட்டு உடனே குழல்விளக்கைப் போட்டால் பாதி வேலை வீண். புற ஊதாக் கதிரால் சுத்திகரித்த கழிவுநீரை வெயில் படும் ஆற்றில் விடும் இடங்களில் பொறியாளர்கள் இதைக் கணக்கில் எடுத்தே கதிரின் அளவைக் கூட்டுகிறார்கள். தாமிரபரணியில் எதையும் விடுவதற்கு முன் இந்தக் கணக்கு நமக்கும் வேண்டும்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஆய்வகத்துக்கென்றே வளர்க்கப்படும், தீங்கற்ற ஈ. கோலை வகையை இரண்டு தட்டில் பரப்பி, ஆசிரியர் முன்னிலையில், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டு, இரண்டுக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிரைக் காட்டுங்கள். ஒன்றை உடனே கறுப்புத் தாளில் சுற்றிவிடுங்கள். மற்றதை ஒரு மணி நேரம் குழல்விளக்கின் கீழ் வைத்துவிட்டு அதையும் சுற்றி, இரண்டையும் ஒரே அடைகாப்பியில் வையுங்கள். மறுநாள் காலையில் திரள்களை எண்ணி, எந்தத் தட்டில் எத்தனை என்று எனக்கு எழுதியனுப்புங்கள்.